கணுக்காலுக்குள் ஒரு வாசக்கால்: எலும்பு முறிந்தால் எப்போது கட்டு, எப்போது கத்தி?

கடைசிப் படி என்று நினைத்துக் காலை வைக்கிறோம். இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கிறது. பாதம் உள்பக்கமாக மடங்குகிறது, உடம்பு அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிச் சரிகிறது, ‘படக்’கென்று ஒரு சத்தம். பெரியவர்களுக்குக் கணுக்கால் எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். லாரி மோத வேண்டியதில்லை, மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. ஈரமான குளியலறை, பேருந்துப் படிக்கட்டு, மழையில் தெரியாமல் போன ரோட்டுப் பள்ளம், இவையே போதும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “எலும்பு உடைஞ்சிருக்கா டாக்டர்?” என்பது. டாக்டரின் மனதில் ஓடும் கேள்வி அதுவல்ல. ‘மூட்டு தன் இடத்தில் நிற்குமா, நழுவுமா?’ என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கு எலும்பு தெளிவாக உடைந்திருக்கும், ஆனாலும் மூட்டு அசையாமல் நிற்கும். அவருக்கு ஒரு கட்டு போதும். இன்னொருவருக்கு எக்ஸ்ரேயில் சின்னக் கோடுதான் தெரியும், ஆனால் மூட்டு நழுவத் தயாராக இருக்கும். அவருக்கு பிளேட் வைக்க வேண்டும். “பக்கத்து பெட்காரருக்குக் கட்டு போட்டு அனுப்பிட்டாங்க, எனக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?” என்ற கோபத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு நிலைக்கால், ஒரு கதவு

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்குகின்றன. உள்பக்கம் தடித்தது டிபியா, உடல் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது இதுதான். வெளிப்பக்கம் விரல் தடிமனில் ஓடுவது ஃபிபுலா. கணுக்காலின் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படும் உருண்டையான புடைப்புகள் இந்த இரண்டின் கீழ் முனைகள்: உள்புடைப்பு டிபியாவுடையது, வெளிப்புடைப்பு ஃபிபுலாவுடையது. டிபியாவின் பின்பக்க விளிம்பிலும் ஒரு உதடு உண்டு. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணுக்கு உள்ளே ஆழமாக ஒளிந்திருப்பதால் அது கைக்கு எட்டாது. அதைப் பின்புடைப்பு என்போம்.

இப்போது வீட்டு வாசக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நிலைக்கால், மேலே குறுக்குச் சட்டம். உள்புடைப்பும் வெளிப்புடைப்பும் நிலைக்கால்கள், டிபியாவின் அடித்தளம் மேல்சட்டம். நடுவே இடைவெளி இல்லாமல் பொருந்தி ஆடும் கதவுதான் டேலஸ் என்ற பாத எலும்பு. பாதத்தை மேலே தூக்கும்போதும் கீழே அழுத்தும்போதும் டேலஸ் இந்தச் சட்டத்துக்குள் முன்னும் பின்னும் உருள்கிறது. பக்கவாட்டில் அதற்கு நகர இடமே கிடையாது. இருக்கவும் கூடாது.

தச்சர் ஆணி அடித்திருப்பார். உடம்பில் அந்த வேலையைத் தசைநார்கள் செய்கின்றன. உள்பக்கம் விசிறி போல விரிந்த, மிகப் பலமான டெல்டாய்டு தசைநார். வெளிப்பக்கம் மூன்று மெல்லிய நார்கள். சாதாரணச் சுளுக்கில் கிழிவது பெரும்பாலும் இவைதாம். பிறகு, டிபியாவையும் ஃபிபுலாவையும் மூட்டுக்குச் சற்று மேலே சேர்த்துக் கட்டியிருக்கும் நார்க்கூட்டம். அதற்கு சிண்டெஸ்மோசிஸ் என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் பின்னால் பல இடங்களில் வரும் என்பதால் ‘இணைப்புக்கட்டு’ என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டு விட்டுப்போனால் இரண்டு நிலைக்கால்களும் விலகும், கதவு தடதடவென்று ஆடும்.

கொஞ்சம் ஆடினால் என்ன? 1976-இல் ராம்ஸி, ஹாமில்டன் என்ற இருவர் உயிரற்ற கால்களில் டேலஸை 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்த்திப் பார்த்தார்கள். எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துபோனது. பிறகு வேறு முறைகளில் செய்த சோதனைகளில் இவ்வளவு பெரிய சரிவு வரவில்லை, அதனால் அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சொல்லவரும் விஷயம் மாறவில்லை. அதே எடை சிறிய பரப்பில் குவிந்தால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள குருத்தெலும்பு தேய்ந்துபோகும். முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருகிறது. கணுக்கால் அப்படியல்ல. அங்கே வரும் தேய்மானத்தில் பெரும்பங்கு ஏதோ ஒரு காலத்தில் பட்ட அடியின் மிச்சம்.

கதவைப் பெயர்த்துக் கொண்டுபோன டாக்டர்

கணுக்கால் முறிவுக்கு இன்றும் சிலர் ‘பாட் முறிவு’ என்று பெயர் சொல்வார்கள். பெர்சிவல் பாட் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர். 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, குளிரில் தரையில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி, பல்லக்குத் தூக்கிகளின் கழிகளை அதில் அடிக்கச் சொல்லி, அதன்மேல் படுத்து வீடு போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட முறிவுக்குக் காலை எடுப்பதுதான் வழக்கம். கருவிகள் எல்லாம் தயாரான நேரத்தில் அவருடைய பழைய ஆசிரியர் எட்வர்ட் நூர்ஸ் வந்து பார்த்துவிட்டு, காலைக் காப்பாற்ற முயலலாம் என்றார். கால் பிழைத்தது.

அவர் பெயரில் வழங்கும் முறிவு அவருக்கே நேர்ந்தது அல்ல. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிற்பாடு அவர் எழுதியது இது: வெளிப்புடைப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே ஃபிபுலா முறிகிறது, உள்பக்கத் தசைநார் கிழிகிறது, பாதம் வெளிப்பக்கம் நழுவுகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். அதற்கு நூறு வருடங்களுக்கும் மேலே முன்னால், வெறும் கையாலும் கண்ணாலும், ‘எலும்பு ஒரு பக்கம், தசைநார் மறுபக்கம், இரண்டும் சேர்ந்து போனால் மூட்டு நழுவும்’ என்ற முழு விஷயத்தையும் மனிதர் பிடித்துவிட்டார். முழங்காலை மடக்கினால் கெண்டைத்தசை தளரும், நழுவிய பாதத்தை எளிதாக உள்ளே கொண்டுவரலாம் என்பதும் அவர் வலியுறுத்திய சங்கதி. இன்றைக்கும் அவசரப் பிரிவில் கணுக்காலை இழுத்துச் சரிசெய்யும்போது ஒருவர் முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

முதல் சில நிமிடங்கள்

பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது, தோல் வெளுத்து இழுபட்டிருக்கிறது என்றால் மூட்டு நழுவியிருக்கிறது. உள்ளே எலும்பு முனை தோலைக் குத்திக்கொண்டிருக்கும். சில மணி நேரம் விட்டால் அந்தத் தோல் செத்துவிடும். பிறகு எந்த ஆபரேஷனும் கஷ்டம்தான். அதனால் இந்த நிலையில் எக்ஸ்ரேக்காகக்கூடக் காத்திருக்காமல், வலி மருந்து கொடுத்து மூட்டை இழுத்து நேராக்கி, காலை முழுக்கச் சுற்றாத அரைக்கட்டு போட்டுவிடுவார்கள். இழுப்பதற்கு முன்னும் பின்னும் பாதத்தின் நாடித்துடிப்பையும் தொடு உணர்ச்சியையும் பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயம். காலை விரல் வழியாகத் தொங்கவிட்டு, அதன் சொந்த எடையாலேயே மூட்டை இடத்துக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்யும்.

எலும்பு வெளியே தெரிந்தாலோ, முறிவுக்கு மேலே காயம் இருந்தாலோ கணக்கு வேறு. ஆன்டிபயாடிக் ஊசி கூடியவரை ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும், டெட்டனஸ் ஊசி வேண்டும், காயத்தை ஆபரேஷன் தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது சுத்தமான துணியால் மூடுவது மட்டும். மஞ்சள், காபித்தூள், சாம்பல் எதையும் அப்பக் கூடாது.

இவ்வளவு மோசமில்லாமல் வீக்கமும் வலியுமாக வருபவர்களே அதிகம். அவர்களில் பலருக்கு வெறும் சுளுக்கு. எல்லோருக்கும் எக்ஸ்ரே வேண்டுமா? கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார்கள். கணுக்கால் பகுதியில் வலி இருக்கிறது. அதோடு, வெளிப்புடைப்பின் நுனியிலோ அதன் பின்விளிம்பின் கடைசி 6 சென்டிமீட்டரிலோ அழுத்தினால் எலும்பில் வலிக்கிறது, அல்லது உள்புடைப்பில் அதே மாதிரி வலிக்கிறது, அல்லது அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எக்ஸ்ரே. எதுவுமே இல்லை என்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. நான்கு அடியை நொண்டி நொண்டி வைத்தாலும் கணக்கில் சேரும். குடித்திருப்பவர், நினைவு தெளிவில்லாதவர், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர் ஆகியோரிடம் இந்த விதியை நம்பக் கூடாது. வலி தெரியாதவரிடம் வலிக்கிறதா என்று கேட்டு என்ன பயன்?

‘நடக்க முடிந்தால் முறியவில்லை’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. ஃபிபுலா சுமக்கும் எடை மிகக் கொஞ்சம். அது மட்டும் முறிந்தவர் நொண்டிக்கொண்டே ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்.

இன்னொரு சின்ன வேலையை நல்ல டாக்டர் மறக்க மாட்டார். கணுக்காலைப் பார்த்து முடித்ததும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் அழுத்திப் பார்ப்பார். சில நேரம் முறுக்கு விசை கணுக்காலின் இணைப்புக்கட்டைக் கிழித்துக்கொண்டே மேலேறி, ஃபிபுலாவை முழங்கால் அருகில் போய் உடைக்கும். 1840-இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மேசன்னவ் பெயரால் அழைக்கப்படும் முறிவு இது. கணுக்கால் எக்ஸ்ரேயில் பல நேரம் முறிவே தெரியாது. ‘சுளுக்குதான், போய்ட்டு வாங்க’ என்று அனுப்பப்படுவோரில் சிலர் இந்த வகை.

படத்தில் என்ன தேடுகிறார்கள்

மூன்று கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்: நேராக, பக்கவாட்டில், பிறகு பாதத்தைச் சுமார் 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பி. மூன்றாவது முக்கியமானது, அதில்தான் வாசக்கால் முழுசாகத் தெரியும். டேலஸைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். உள்புடைப்புக்கும் டேலஸுக்கும் நடுவே 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, மேலே உள்ள இடைவெளியைவிட அது அதிகமாகவும் இருந்தால், டேலஸ் வெளிப்பக்கம் நழுவியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டிபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவே, மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே அளந்தால், 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் இணைப்புக்கட்டு போயிருக்கலாம்.

ரிப்போர்ட்டில் ‘வெபர் ஏ, பி, சி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் தொடங்கி, ஸ்விட்சர்லாந்தின் வெபர் திருத்திய பிரிப்பு இது. ஃபிபுலா எந்த உயரத்தில் முறிந்திருக்கிறது என்பதுதான் சமாச்சாரம். இணைப்புக்கட்டுக்குக் கீழே என்றால் ஏ, அதன் மட்டத்தில் என்றால் பி, மேலே என்றால் சி. ஏ பெரும்பாலும் சாது. சி பெரும்பாலும் தொந்தரவு. நடுவில் இருக்கும் பி-தான் அதிகம் வருவது, தலைவலியும் அதுதான்.

ஏன் என்று புரிய டென்மார்க்கின் லௌகெ-ஹான்சென் செய்ததைப் பார்க்க வேண்டும். 1950-ஐ ஒட்டிய வருடங்களில் அவர் உயிரற்ற கால்களை வெவ்வேறு விதமாக முறுக்கி உடைத்துப் பார்த்தார். பாதம் உள்பக்கம் மடங்கிய நிலையில் வெளிப்பக்கம் திருகினால், அதாவது நம் கடைசிப் படிக் கதைபோல நடந்தால், சேதம் ஒரு வரிசையில் போகிறது என்று கண்டார். முதலில் இணைப்புக்கட்டின் முன்பக்க நார் அறுகிறது. அடுத்து ஃபிபுலா சாய்வாக முறிகிறது. பிறகு பின்பக்கம், ஒன்று நார் கிழிகிறது, அல்லது பின்புடைப்பு பெயர்கிறது. கடைசியாகத்தான் உள்பக்கம்: உள்புடைப்பு முறியும், இல்லையென்றால் டெல்டாய்டு கிழியும். விசை கணுக்காலை ஒரு பிரதட்சிணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சுற்று எங்கே நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபிபுலாவை உடைத்ததோடு நின்றுவிட்டால் உள்பக்கம் முழுசாக இருக்கிறது, டேலஸ் எங்கேயும் போகாது. சுற்று முடிந்து உள்பக்கமும் போய்விட்டால் வாசக்கால் இரண்டு பக்கமும் விட்டுவிட்டது. இரண்டு பேருடைய எக்ஸ்ரேயிலும் ஃபிபுலாவின் கோடு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். டெல்டாய்டு தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. உள்பக்கம் வீங்கி வலிக்கிறதே என்று பார்த்தால், அந்த வலியை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் காலைப் பக்கவாட்டில் வைத்துப் பாதத்தைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுக்கிறார்கள், அல்லது சில நாள் கழித்து எடை வைத்து நிற்கச் சொல்லி எடுக்கிறார்கள். “உடைஞ்ச காலை ஊன்றி நிக்கச் சொல்றாங்களே” என்று வீட்டார் பதறுவது உண்டு. அது கொடுமையில்லை, சோதனை. நிற்கும்போதும் டேலஸ் நழுவவில்லை என்றால் ஆபரேஷன் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பின்புடைப்பு உடைந்திருந்தால் இப்போதெல்லாம் சி.டி. ஸ்கேன் எடுப்பது வழக்கமாகிவிட்டது. மூட்டுப் பரப்பில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று எக்ஸ்ரேயில் அளந்து முடிவெடுத்த காலம் போய், துண்டின் வடிவம் என்ன, மூட்டுக்குள் சின்னச் சில்லு ஏதும் அழுந்திக் கிடக்கிறதா, ஃபிபுலா உட்காரும் பள்ளம் கெட்டுவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

கட்டு போதும் என்றால்

மூட்டு நழுவாத, நிலையான முறிவுக்குக் கட்டோ, கழற்றி மாட்டும் பூட்ஸோ போதும். எலும்பு தானாகக் கூடும். பின்லாந்தின் ஔலு நகரில் 247 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிலையான வெபர் பி முறிவுக்கு மூன்று வாரக் கட்டு ஆறு வாரக் கட்டுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நகரவில்லை என்று உறுதி செய்துகொள்வது மட்டும் தவறக் கூடாது.

இந்த இடத்தில் புத்தூர் கட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. ஆந்திரத்தின் புத்தூரில் தொடங்கி, தமிழ்நாட்டில் எங்கும் பலகை தொங்கும் மூங்கில் பத்தை, பச்சிலைக் கட்டு. ‘எங்க மாமாவுக்கு அங்கேதான் சரியாச்சு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாமாவுக்கு இருந்தது நிலையான முறிவாக இருந்திருக்கும். அது காலை அசையாமல் வைத்திருந்தாலே கூடிவிடும். பிரச்சினை, நழுவும் முறிவும் அதே வரிசையில் போய் உட்காருவதுதான். அங்கே டேலஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்பதை யார் பார்ப்பது? மூன்று மாதம் கழித்து எலும்பு கூடித்தான் இருக்கும், கோணலாக. அதை மறுபடி வெட்டி நேராக்குவது முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு கடினம். இன்னும் மோசமானது வீங்கிய காலில் இறுக்கிக் கட்டுவது. விரல் நீலமாவது, மரத்துப்போவது, மருந்துக்கும் அடங்காத வலி, விரலை யாராவது நீட்டினாலே உயிர்போவது என்றால், கட்டு யார் போட்டதானாலும் உடனே பிரித்துவிட வேண்டும். எண்ணெய் போட்டு நீவுவது அறவே வேண்டாம்.

ஏன் பத்து நாள் காக்க வைக்கிறார்கள்

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. ஆனால் “வீக்கம் வடியட்டும்” என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வார்டில் சண்டை போடுபவர்கள் உண்டு. கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது, தோல் மெல்லிய உறை மாதிரி. வீக்கத்தில் அது ஊதிய பலூன் போல விறைத்திருக்கும்போது வெட்டினால் தையல் சேராது. சேராத தையல் வழியே கிருமி நுழைந்தால் உள்ளே இருக்கும் பிளேட்வரை போகும். அதனால் அடிபட்ட அன்றே வீக்கம் ஏறுவதற்கு முன்னால் செய்கிறார்கள், அல்லது ஒன்றிரண்டு வாரம் பொறுக்கிறார்கள். தோலில் சுருக்கம் மறுபடி தெரிய ஆரம்பித்தால் தயார் என்று அர்த்தம். கொப்புளம் வந்திருந்தால், குறிப்பாக ரத்தம் கட்டிய கொப்புளம், அதன்மேல் கத்தி வைக்க மாட்டார்கள். அதுவரை காலை நெஞ்சைவிட உயரமாக, தலையணை அடுக்கி வைத்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் வைப்பது உயரமல்ல. மூட்டு அரைக்கட்டுக்குள் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தால், வெளியிலிருந்து கம்பிச் சட்டம் மாட்டி நிறுத்தி வைப்பார்கள்.

தியேட்டரில்

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பது வழக்கம். வெட்டுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக். பெரும்பாலும் ஃபிபுலாவில் தொடங்குகிறார்கள். முறிந்த ஃபிபுலா குட்டையாகி, கொஞ்சம் திரும்பியும் இருக்கும். நிலைக்கால் குட்டையாகிவிட்டால் மேல்சட்டம் சரியாக உட்காராது, டேலஸ் சாயும். அதனால் இழுத்து நீளத்தை மீட்டு, முறிவைக் கவ்வியில் பிடித்து, சாய்வான முறிவுக்குக் குறுக்கே 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒன்றைப் போட்டு இறுக்குகிறார்கள். இரண்டு துண்டும் நெருங்கி அழுந்த வேண்டும் என்பதுதான் இந்த ஸ்க்ரூவின் வேலை. அப்புறம் எலும்பின் வளைவுக்கு ஏற்றபடி இருக்கும் மெல்லிய பிளேட்டை வைத்து மேலும் கீழும் ஸ்க்ரூ. முன்பக்கமாக ஓடும் ஒரு தோல் நரம்பு இந்த வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது இழுபட்டால் பாதத்தின் மேற்பக்கம் சிலருக்கு மரத்துப்போகும். சிலருக்கு அது முழுவதுமாகத் திரும்புவதும் இல்லை.

ஃபிபுலா இடத்துக்கு வந்ததும் டேலஸும் பெரும்பாலும் தானே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். வராமல் உள்பக்க இடைவெளி அகலமாகவே நின்றால், கிழிந்த டெல்டாய்டோ பக்கத்துத் தசைநாண் ஒன்றோ நடுவில் சிக்கியிருக்கிறது, திறந்து எடுக்க வேண்டும். உள்புடைப்பு முறிந்திருந்தால், இடுக்கில் மடிந்து புகுந்திருக்கும் எலும்பின் மேலுறையை விலக்கிவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி இரண்டு ஸ்க்ரூ போடுகிறார்கள். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால் கம்பியும் வயருமாக எட்டு வடிவில் கட்டுவார்கள். பின்புடைப்புக்காகச் சில நேரம் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்பக்கமாக நுழைய வேண்டியிருக்கும். இது வீண் வேலையல்ல. இணைப்புக்கட்டின் பின்நார் அந்தத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. துண்டை வைத்தால் கட்டும் பாதி சரியாகிவிடுகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. ஃபிபுலாவில் கொக்கியை மாட்டி வெளிப்பக்கம் இழுத்து, நடமாடும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். டிபியாவிலிருந்து அது விலகினால் இணைப்புக்கட்டு நிற்கவில்லை. இரண்டு எலும்புக்கும் குறுக்கே, மூட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு மேலே, ஸ்க்ரூ போடுவார்கள். அல்லது இரண்டு பக்கமும் பொத்தான் வைத்து நடுவே உறுதியான நூலை இழுத்துக் கட்டும் முறை. நூல் கொஞ்சம் இடம் கொடுக்கும், எலும்புகளின் இயல்பான சின்ன அசைவு கெடாது. விலை கூடுதல். எது போட்டாலும், ஃபிபுலா தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு போட்டதா என்பதுதான் பெரிய விஷயம். தவறான இடத்தில் இறுக்கிய விலை உயர்ந்த பொத்தானைவிட, சரியான இடத்தில் போட்ட சாதா ஸ்க்ரூ மேல்.

வயதானவர், சர்க்கரை உள்ளவர்

எழுபது வயதுக்காரரின் எலும்பில் ஸ்க்ரூ ஈரமண்ணில் முளை அடித்த மாதிரி நிற்கும். அங்கே ஸ்க்ரூவின் தலை பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் வகை பிளேட்டும், ஒரு சின்னத் துளை வழியே ஃபிபுலாவுக்குள் செலுத்தும் கம்பியும் கைகொடுக்கும். ஆபரேஷனே இல்லாமல் முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 620 பேரிடம், நழுவும் முறிவுகளுக்கே, மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரியாக அமைத்து, அதிகப் பஞ்சில்லாமல் காலோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு, ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள். 2016-இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு நடமாடினார்கள். எலும்பு கோணலாகக் கூடியது கட்டு போட்டவர்களில் அதிகம். புண் தொல்லை ஆபரேஷன் தரப்பில் அதிகம். அந்தக் கட்டைப் போடக் கைத்திறமை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் நமக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. புதுச்சேரியில் அது 26 சதவீதத்தைத் தாண்டுகிறது. சர்க்கரையால் உணர்ச்சி போன காலில் வலி என்ற காவல்காரர் இல்லை. ஊன்றாதே என்று சொன்ன காலை ஊன்றி நடப்பார்கள், ஸ்க்ரூ வளையும், பிளேட் உடையும், சிலருக்கு மூட்டே நொறுங்கிச் சரியும். அதனால் டாக்டர்கள் இவர்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஸ்க்ரூ போடுகிறார்கள், ஊன்றாமல் இருக்கும் காலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறார்கள். ‘சர்க்கரைக்காரருக்கு ஆபரேஷனே வேண்டாம்’ என்பதும் சரியல்ல. நழுவும் மூட்டைக் கட்டுக்குள் விட்டால் உள்ளிருந்து எலும்பு தோலைக் குத்தும், அதுவும் புண்தான். புகை பிடிப்பவர் முறிந்த அன்றே நிறுத்தினாலும் தையலுக்கு நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

சுமார் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். எப்போது ஊன்றலாம் என்பதில் பழக்கம் மாறிவருகிறது. ஆறு வாரம் தரையில் வைக்கவே கூடாது என்பது பழைய கட்டளை. பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான பெரிய ஆய்வு, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்திலேயே ஊன்றத் தொடங்கியவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை என்று காட்டியது. ஆனால் உங்கள் முறிவு, உங்கள் எலும்பு, உங்கள் சர்க்கரை எல்லாம் தெரிந்தவர் உங்கள் டாக்டர். இணைப்புக்கட்டு போனவர்களையும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களையும் இன்னும் தாமதமாகத்தான் ஊன்றச் சொல்வார்கள்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வலதுகாலில் ஆபரேஷன் ஆனவர்கள் கார் ஓட்ட அவசரப்படக் கூடாது. பிரேக்கை மிதிக்கும் வேகம் இயல்புக்கு வரச் சுமார் ஒன்பது வாரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். மாலையானால் வரும் வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கடைசியாகத் திரும்புவது குந்தி உட்காருவது. பாதத்தை மேல்நோக்கி நன்றாக மடக்கினால்தான் அது முடியும், விறைத்த கணுக்காலுக்குப் பிடிக்காத அசைவே அதுதான். இந்திய வகைக் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் குதிகால் நரம்பை நீட்டும் பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் செய்தால் பலருக்கு அந்த அசைவு திரும்பும்.

பிறகு எல்லோரும் கேட்பது, பிளேட்டைக் கழற்ற வேண்டுமா? தொந்தரவு இல்லையென்றால் ஆயுசுக்கும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பெரும்பாலும் தடையில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். இணைப்புக்கட்டின் குறுக்கு ஸ்க்ரூவை முன்பு எல்லோருக்கும் எடுத்தார்கள். இப்போது பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், நடக்க நடக்க அது தளர்ந்தாலோ உடைந்தாலோகூடப் பெரும்பாலும் ஆபத்தில்லை. வெளிப்புடைப்பில் தோல் மெல்லியதால் ஷூ விளிம்போ செருப்பு வாரோ பிளேட்டின்மேல் உரசும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தரை அதே இடத்தில் அழுத்தும். அப்படிப்பட்டவர்கள் எலும்பு நன்றாகக் கூடிய பிறகு, ஒரு வருடம்போலக் கழித்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த ஸ்க்ரூக்களைச் சின்ன டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள்.